கேட்கிற தாய்க்குப் பின்னால் யார் நிற்பது?

2022 நவம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்தது அம்பலத்துக்கு வந்தது. டெங்குக் காய்ச்சலில் விழுந்த ஒரு பையனின் தாய் விசாரிக்கப்போய்த்தான் விஷயம் வெளியே தெரிந்தது. அவர் போலீசில் புகார் கொடுத்தார். டிசம்பரில் தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் கிணத்துக்கடவுப் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றில், வயதுக்கு வந்திருந்த எட்டாம் வகுப்புத் தலித் மாணவியை வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துத் தேர்வு எழுத வைத்தார்கள். தாய் போனார், செல்போனில் படம் பிடித்தார். அந்தப் படம் ஊரெல்லாம் போனபிறகுதான் வழக்கு.

இரண்டிலும் கல்வித்துறை கண்டுபிடிக்கவில்லை, எந்தக் குழுவும் கண்டுபிடிக்கவில்லை. கேட்டது ஒரு தாய். 'ஏன் என் பிள்ளையை இப்படிப் பண்ணினீங்க?' என்று ஒரு கேள்வி. இந்த ஒற்றைக் கேள்விக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது கொங்கு மண்ணில் வளவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். என்னுடைய கவலை, கேட்ட இரண்டு தாய்மார்களைப் பற்றியது இல்லை. கேட்க முடியாமல் இருக்கிற மற்றவர்களைப் பற்றியது. அவர்கள் ஏன் கேட்கவில்லை? பிள்ளை மீது பாசம் இல்லாமலா?

குழந்தைகள் மீதான வன்முறை என்று பேச்செடுத்தால் போதும், உடனே நம் சனத்துக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். குடிக்கிறார்கள், பிள்ளையைக் கவனிப்பதில்லை, படிக்க வைப்பதில்லை, சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள், விழிப்புணர்வு இல்லை. விழிப்புணர்வு முகாம் போடுகிறார்கள், பேனர் கட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். பிள்ளையை அடித்தவனும், தொட்டவனும், வேலைக்கு இழுத்துப் போனவனும் அந்தக் குடும்பத்துக்குக் கூலி கொடுக்கிறவனாகவோ, வட்டிக்குக் கொடுத்தவனாகவோ, குடியிருக்கிற இடத்துக்குச் சொந்தக்காரனாகவோ இருக்கும்போது, பெற்றவள் எப்படி வாய் திறப்பாள் என்பதை எந்த முகாமும் பேசுவதில்லை.

இது நேற்று வந்ததில்லை. பண்ணாடி வீட்டுத் தோட்டத்தில் ஆடு மேய்க்க, மாடு பார்க்க, வருசக் கூலிக்கு மாதாரி வீட்டுப் பையனை விட்டுவிட்டு வருவது இந்த மண்ணின் நடைமுறையாக இருந்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் (2000) அந்தப் பிள்ளைகளைப் பற்றியதுதான். அப்பன் வாங்கிய முன்பணத்துக்கு மகன் உழைத்துக் கழித்தான். அடி வாங்கினால் அப்பனிடம் சொல்லிப் பிரயோசனமில்லை என்பது பையனுக்குத் தெரியும். அப்பனே கையைக் கட்டிக்கொண்டு 'சாமி' என்று நிற்கிறவன்.

தோட்டம் போய் மில் வந்தது. முன்பணம் மட்டும் போகவில்லை. 2000க்குப் பிறகு கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகளில் பரவிய சுமங்கலித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். கேம்ப் கூலி என்றும் சொன்னார்கள். பத்தாவது முடித்த, முடிக்காத பெண் பிள்ளைகளை மூன்று வருச ஒப்பந்தத்தில் கூட்டிவந்து, மில் காம்பவுண்டுக்குள்ளேயே விடுதியில் வைத்து வேலை வாங்குவது. மாதம் கொஞ்சம் கையில் கொடுப்பது. மூன்று வருசம் முடிந்தால் முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை 'கல்யாணப் பணம்'. இடையில் உடம்புக்கு முடியாமல் போய் வீடு திரும்பினால் அந்தப் பணம் கிடைக்காது என்பதுதான் பல பிள்ளைகளின் அனுபவம். 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் வெளியிட்ட ஆய்வறிக்கை, இந்தத் திட்டத்தில் இருந்த பெண்களில் சுமார் 60 சதம் தலித்துகள் என்று மதிப்பிட்டது.

ஒரு சின்னக் கணக்கு. மூன்று வருசம் என்றால் 1,095 நாள். நாற்பதாயிரத்தை அதால் வகுத்தால் நாளுக்கு 36, 37 ரூபாய். அவளுடைய அன்றாடக் கூலியிலிருந்து பிடித்து வைத்துக்கொண்ட அந்தக் காசைத்தான், மூன்று வருசம் கழித்துச் சீதனம் மாதிரி தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. கொத்தடிமை முறை 1976இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது. சட்டம் எல்லாம் இருந்தது. மில் கேட்டுக்கு வெளியே இருந்தது.

பெயரையும் கவனியுங்கள். சுமங்கலி! புருசன் உயிரோடு இருப்பவளே மங்கலமானவள் என்கிற பார்ப்பனியச் சொல்லை எடுத்து, அறுத்துக்கட்டும் வழக்கமும் மறுமணமும் சாதாரணமாக இருந்த உழைக்கும் சனத்துப் பெண்கள் தலையில் கட்டினார்கள். நம் சனத்தில் பரிசம் கொடுத்துப் பெண் எடுத்த காலம் போய், வரதட்சணை வந்தது. வரதட்சணையை 1961லேயே சட்டம் தடை செய்தது. அந்தத் தடை செய்யப்பட்ட காரியத்தைச் சொல்லித்தான் ஆள் பிடித்தார்கள். 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள், கல்யாணம் ஒரு சுமை என்று பெற்றோருக்குச் சொன்னார். அறுபது வருசம் கழித்து, அந்தச் சுமையைப் பிள்ளையின் தோளிலேயே ஏற்றி மில்லுக்குள் அனுப்பும்படி ஆனது.

ஆனால் ஒரு விஷயத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை. பணத்துக்காக மட்டும் அனுப்பினார்களா? மில்லுக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோரோடு உட்கார்ந்து பேசினால் இன்னொரு பதிலும் வரும். 'நாங்க ரெண்டு பேரும் இருட்டோட வேலைக்குப் போயிர்றமுங்க. வயசுப் பிள்ளையத் தனியா ஊட்ல உட்டுட்டுப் போறதுக்கு, அங்க காம்பவுண்டுக்குள்ள இருந்தாத் தேவலைன்னு நெனச்சமுங்க.' இதுதான் உண்மை. மில் முதலாளி விற்றது கல்யாணப் பணத்தை மட்டும் இல்லை, பாதுகாப்பையும் விற்றான். 'கேட்டுல வாட்ச்மேன் இருக்காங்க, வார்டன் இருக்காங்க, ஆம்பிளை உள்ள வரமுடியாது' என்று புரோக்கர் சொன்னான். வளவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருந்தால் அந்தச் சரக்கு விலை போயிருக்காது.

அந்தச் சுவர் பாதுகாப்புத்தானா? 2014 ஜூனில் பொள்ளாச்சியில் விடுதி ஒன்றில் தங்கிப் படித்த இரண்டு சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதன் பிறகுதான் பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பூட்டு யார் கையில் இருக்கிறது, உள்ளே இருக்கிற பிள்ளை யாரிடம் பேச முடியும் என்பதுதான் கேள்வி. அப்பா அம்மாவிடம் போன் பேசக்கூட இன்னொருவர் பக்கத்தில் நிற்பார் என்றால் அதற்குப் பெயர் விடுதி இல்லை.

சுமங்கலி என்ற பெயர் இப்போது கெட்டுப்போய்விட்டது. எந்த மில்லும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் பெண்கள் அந்த விடுதிகளுக்கு வந்துவிட்டார்கள். அவர்களும் பெரும்பாலும் ஆதிவாசிகள், தலித்துகள், தமிழும் தெரியாது. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. ஆனால் பள்ளிக்கூட நேரம் போகக் குடும்பத் தொழிலில் 'உதவலாம்' என்று ஓட்டையும் வைத்தது. பல்லடம், சோமனூர் தறிக்குடிலில் பிள்ளை நிற்பதும், திருப்பூரில் பனியன் பிசிறு வெட்ட வீட்டுக்கே மூட்டை வருவதும் குடும்பத் தொழிலா, கம்பெனித் தொழிலா? முன்பணம் வாங்கிய குடும்பத்தில் பெரியவர் உழைப்புக்கும் பிள்ளை உழைப்புக்கும் நடுவே கோடு போடுவது யார்?

அடுத்ததாகச் சொல்லப்போவது சில தோழர்களுக்குக் கசக்கும். பிள்ளைகள் மீது நடக்கிற பாலியல் கொடுமையில் பெரும்பகுதியைச் செய்கிறவன் தெரிந்தவன். 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள், 53 சதத்துக்குக் கொஞ்சம் அதிகமானவர்கள், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளும் அதில் உண்டு. எல்லாச் சாதியிலும், எல்லா வர்க்கத்திலும் நடக்கிறது. நம் வளவு அதற்கு விதிவிலக்கு ஆகாது. மாமன், சித்தப்பன், பக்கத்து வீட்டுக்காரன், நம்மோடு கொடி பிடிக்கிறவன், யாராகவும் இருக்கலாம்.

ஆதிக்கச் சாதிக்காரன் செய்தால் மறியல். நம்மவன் செய்தால் 'நம்ம சனத்து மானம் போயிரும், உள்ளயே பேசிக்கலாம்' என்று ஊர்க்கூட்டம். பத்தாயிரமோ இருபதாயிரமோ வாங்கிக் கொடுத்து, பிள்ளையைப் பாட்டி ஊருக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது காரியம். இன்னும் மோசம், செய்தவனுக்கே கட்டி வைப்பது. கவுண்டர் வீட்டுத் திண்ணையில் நடந்தால் கட்டப்பஞ்சாயத்து, நம் கோயில் முன்னால் நடந்தால் சமாதானமா? அந்தப் பிள்ளையின் மானம் யார் கணக்கு? சாதி மானம் என்பதே பெண் உடம்பின் மேல் கட்டிய பொய் என்று மேடையில் பேசுகிற நமக்கு, அதே பொய்யை நம் சாதிக்கு மட்டும் வைத்துக்கொள்ள என்ன உரிமை இருக்கிறது?

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, விஷயம் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பது 21ஆவது பிரிவில் குற்றம். 2021 நவம்பரில் கோவையில் 17 வயது மாணவி ஒருவர் ஆசிரியரின் பாலியல் தொல்லையால் தற்கொலை செய்துகொண்டபோது, தெரிந்தும் புகார் தெரிவிக்கவில்லை என்று பள்ளி முதல்வரும் கைதானார். பள்ளி முதல்வருக்குப் பொருந்துகிற சட்டம் ஊர்த் தலைவருக்கும் இயக்கப் பொறுப்பாளருக்கும் பொருந்தும்.

'எங்க பொண்ணுகளக் காப்பாத்தறோம்' என்று கொங்கு மண்டலத்தில் சாதிச் சங்கங்கள் போடுகிற கூச்சலையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர்கள் காப்பாற்றுவது சாதியை. 2015 ஜூனில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கொல்லப்பட்டதும், 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதும் அந்தக் 'காப்பாற்றல்'தான். பெண்ணின் விருப்பத்தைக் கொல்கிறவனும் பிள்ளையின் வாயை அடைக்கிறவனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். நாம் பேசுகிற பாதுகாப்பு, பிள்ளை வாய் திறந்து சொல்வதைக் கேட்பதில் தொடங்குகிறது.

அரசு என்ன வைத்திருக்கிறது? ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று வைத்திருக்கிறது. 2020இல் சுல்தான்பேட்டை ஒன்றியம் ஜே.கிருஷ்ணாபுரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர், தன்னைத் தலைவர் நாற்காலியில் உட்காரவிடாமல் மிரட்டுகிறார்கள் என்று புகார் கொடுக்க வேண்டியிருந்தது. தலைவருக்கே நாற்காலி இல்லாத ஊரில் வளவுப் பிள்ளைக்கு அந்தக் குழுவில் என்ன கிடைக்கும்? குழு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் நம் பெண்கள் உட்கார வேண்டும், அது கூடுகிற நாளை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று நாம்தான் நெருக்க வேண்டும்.

அதற்கு மேல் நாமே செய்ய வேண்டியது இருக்கிறது. இதைத் தொண்டு நிறுவன வேலை என்று ஒதுக்கினால், நாளைக்கு ஊர்வலத்துக்கு வருகிற தலைமுறையே இருக்காது. மாணவத் தோழர்களை மனதில் வைத்து நான்கு வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நேரம். கோவை மாநகராட்சித் துப்புரவுப் பணிக்குப் போகிற நம் தாய்மார்கள் விடியும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். அங்கன்வாடி திறக்கும்வரை, பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை பிள்ளைகளுக்கு யார்? சாயங்காலம் பள்ளிவிட்டு வந்து அம்மா வரும்வரை யார்? 1948 தொழிற்சாலைச் சட்டமே முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றது. நம் பெண்கள் வேலை பார்க்கிற குப்பை வண்டிக்கும் தோட்டத்துக்கும் அது எட்டியதே இல்லை. காப்பகம் கேட்டுப் போராடுவோம். அது வருகிறவரை வளவுக்கு ஒரு கூடம், காலை இரண்டு மணி நேரம், மாலை மூன்று மணி நேரம், கல்லூரி படிக்கிற இரண்டு பேர், வயசான ஆத்தா ஒருவர். எப்போதும் இரண்டு பேருக்குக் குறையாமல், கதவு திறந்தபடி. நம் தோழர் என்பதற்காக யாருக்கும் சலுகை கிடையாது.

இரண்டாவது, பணம். தேர்வு முடிந்த கோடையில்தான் புரோக்கர் வருகிறான். அவன் நீட்டுகிற ஐந்தாயிரத்துக்கு மாற்று நம்மிடம் இருக்க வேண்டும். மகளிர் குழுச் சேமிப்பில் பள்ளிக் காசுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கலாம். உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், விடுதி இடம் இவற்றுக்கு அலைவது மாணவர்களின் வேலையாகட்டும். 2022இல் தமிழ்நாடு அரசு பழைய திருமண உதவித் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டமாக்கியது. கல்யாணத்துக்குக் காசு என்பது படிப்புக்குக் காசு என்று மாறியது சின்ன விஷயமில்லை. ஆனால் பத்தாவதோடு நின்றுபோகிற பிள்ளைக்கு அது எட்டாது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே பிடித்து நிறுத்துவது நம் கையில்.

மூன்றாவது, காது. வளவுக்கு ஐந்து பெண்கள், பிள்ளைகளுக்குத் தெரிந்த முகங்கள். பிள்ளை சொன்னால் 'அப்படியெல்லாம் இருக்காது கண்ணு' என்று மறுக்காமல், 'நீ என்ன பண்ணுனே?' என்று குடையாமல், 'சொன்னது நல்லது, உன் மேல தப்பில்லை' என்று சொல்லத் தெரிந்தவர்கள். துருவித் துருவித் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது. பிள்ளையின் பெயரை நோட்டீசிலும் போஸ்டரிலும் போடவே கூடாது. அது சட்டப்படியும் குற்றம். 1098 என்ற எண் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

நான்காவது, கூடப் போவது. தாய் தனியாக ஸ்டேஷன் படி ஏறக் கூடாது. கூடப் போகிறவருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோ, சீருடை இல்லாமல்தான் பதிவு செய்ய வேண்டும். ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. அவசர சிகிச்சைக்குப் போலீஸ் கடிதம் கொண்டுவா என்று ஆஸ்பத்திரி கேட்கக் கூடாது. வழக்கு முடியும்வரை பிள்ளைக்குத் துணையாக ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். சாப்பாடு, துணி, போக்குவரத்துச் செலவுக்கு உடனடி உதவியை அந்தக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் இருக்கிறது. குற்றம் செய்தவன் தலித் அல்லாதவன் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்; டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும். நிவாரணத்தின் ஒரு பகுதி தீர்ப்புக்குக் காத்திராமல் ஆரம்பத்திலேயே கிடைக்க வேண்டும். கூலி போகும், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள், சாட்சியை மிரட்டுவார்கள். பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் பாதுகாப்பது அரசின் கடமை என்று 15அ பிரிவு சொல்கிறது. அரசு வருகிறவரை அந்த வீட்டு அடுப்பு எரிய வைப்பது நம் கடமை.

கேட்ட தாய்மார்கள் இரண்டு பேருக்கும் முன்னுதாரணம் யாரும் இல்லை. அடுத்த தாய்க்கு அவர்கள் இருக்கிறார்கள். அவர் பள்ளிக்கூட வாசலுக்கோ மில் கேட்டுக்கோ ஸ்டேஷனுக்கோ போகும்போது பின்னால் திரும்பிப் பார்ப்பார். அங்கே நீங்கள் இருக்கிறீர்களா? இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் வளவில் காலை ஆறு மணிக்கு எத்தனை பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து எங்களுக்கு எழுதுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.